மோர் மிளகாயோடு காய்ந்த ஜாஸ்

என் கணவரின் ஒரே ஒரு ஜாஸ் இசைத்தட்டை நான்தான் கெடுத்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முப்பத்திரண்டு வருடம் போலீசில் வேலை பார்த்து ஏட்டாக ஓய்வு பெற்றவள் நான். குற்றம் செய்தவன் எவனும் முதல் வார்த்தையிலேயே ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை. தண்ணீர் கேட்பான், பீடி கேட்பான், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பான். அந்த இழுப்பெல்லாம் எனக்குப் பிடிக்காது.

ஆனால் என் குற்றத்தை அவரிடம் ஒப்புக்கொள்ள எனக்குப் பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாளில் நான் செய்த வேலைகளை எவனாவது செய்து என்னிடம் மாட்டியிருந்தால், காதோடு சேர்த்து ஒன்று கொடுத்திருப்பேன்.

அவர் ராணுவத்தில் இருந்தவர். எங்கள் தெருக்காரர்கள் அவரை எல்லையில் நின்றவர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவரும் மறுத்ததில்லை. உண்மையில் அவர் துப்பாக்கி பிடித்ததைவிடக் கிளாரினெட் பிடித்ததுதான் அதிகம். பேண்டில் இருந்தார். பெரிய அதிகாரி வந்தால் வாசிப்பார், போனாலும் வாசிப்பார். அங்கே அவருக்குச் சொல்லிக்கொடுத்த பேண்ட் மாஸ்டர் ஓய்வு பெற்றுப் போகும்போது ஒரு ஜாஸ் எல்பி தட்டைக் கையில் கொடுத்துவிட்டுப் போனாராம். அட்டையில் மூன்று வெள்ளைக்காரர்கள் கோட்டு போட்டுக்கொண்டு நிற்பார்கள். நடுவில் நிற்பவர் கையில் கிளாரினெட். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. செத்துப்போன மனுஷன், அவருக்கு எதற்கு எங்கள் வீட்டு வம்பு.

அந்தத் தட்டில் முதல் பக்கத்து முதல் பாட்டை வைத்துத்தான் இவர் ஜாஸ் கற்றுக்கொண்டார். ஐந்து வருடத்துக்கு முன்பு மேல்வரிசைப் பல் எல்லாம் போய்விட்டது. பல்செட்டை வைத்து இட்லி தின்னலாம், முறுக்குக்கூட ஊறவைத்துத் தின்னலாம். கிளாரினெட் ஊத முடியாது. வாயில் வைக்கிற கட்டையை மேல்பல்லால் பிடிக்க வேண்டும். இவர் பிடித்தால் பல்செட் கட்டையோடு வெளியே வந்துவிடும். நான்கு தடவை முயன்றார். நான்காவது தடவை நான் சிரித்துவிட்டேன். அன்றைக்குக் கிளாரினெட்டைப் பெட்டிக்குள் வைத்தவர்தான், பிறகு திறக்கவில்லை. அதற்குப் பிறகு அவருக்கு மிச்சமிருந்தது அந்தத் தட்டு ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை கறிச்சாப்பாடு முடிந்ததும் அதைப் போட்டு, மடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு விரல்களை மட்டும் அசைத்துக்கொண்டிருப்பார். ஒரு துளைகூடத் தப்பாது.

எனக்கு ஜாஸ் ஆகாது. என்னுடையது ஒரு நாயனத் தட்டு, நாதஸ்வரம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் தென்காசிக் கோயில் தேரோட்ட பந்தோபஸ்துக்கு என்னை நிறுத்தினார்கள். வெயிலில் எட்டு மணி நேரம் நின்றேன். தண்ணீர் கொடுக்க ஆளில்லை, கால் மாற்றி நிற்க இடமில்லை. அன்றைக்கு என்னை விழாமல் பிடித்து வைத்திருந்தது நாயனச் சத்தம் மட்டும்தான். மறுமாதச் சம்பளத்தில் ஒரு நாயனத் தட்டு வாங்கினேன். ஒரு பக்கம் முழுக்கத் தோடி ராகம். தட்டைப் போட ரெக்கார்டு பிளேயர் வாங்க இன்னும் இரண்டு வருடம் ஆனது, அது வேறு விஷயம்.

வீட்டில் பிளேயர் ஒன்று, ஆள் இரண்டு. ஆகவே ஞாயிற்றுக்கிழமை தோறும் சண்டை.

"ஒன் நாயனக்காரன் ஒரே எடத்துல நின்னு அரை மணி நேரமா கத்துதான். நவுருவானா மாட்டானா?" என்பார்.

"உங்க ஆளுவ மட்டும் என்ன? மூணு பேரு, மூணு பேச்சு. சொத்து பிரிக்க உக்காந்த மாதிரி இருக்கு" என்பேன்.

"அது பேச்சு இல்ல ஏட்டி, உரையாடல்."

"ஆமா. ஒங்க தம்பிமாரு வந்தா நடக்குமே, அந்த உரையாடல்."

இப்படியே இருபது வருடம் ஓடிவிட்டது. இரண்டு பேரும் தோற்கவில்லை.

இந்த வருடம் ஆனி மாதக் கடைசியில் அவர் கண் ஆபரேஷனுக்குத் திருவனந்தபுரம் போனார். மகள் அங்கேதான் இருக்கிறாள். போகும்போது, "சாரல் காலம், தட்டுல பூஞ்சை புடிச்சிராம பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அதைச் சொல்லாமல் போயிருந்தால் தட்டு பிழைத்திருக்கும்.

ஆறு நாள் விடாமல் சாரல். சுவர் வியர்த்தது. துவைத்த துணி காயாமல் நாறியது. அவர் சொன்னாரே என்று தட்டை எடுத்துப் பார்த்தால், ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை. சோப்புத் தண்ணீரில் பஞ்சை முக்கி, வட்டம் வட்டமாக நன்றாகவே துடைத்தேன். அதுவரைக்கும் நான் செய்தது சரி என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு அக்கா மாடியிலிருந்து கத்தினாள்.

"ஏட்டி! வெயில் வந்துட்டு! வெயில் வந்துட்டு!"

சாரல் காலத்தில் எங்கள் ஊரில் வெயில் வந்தால் என்ன நடக்கும் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. தெருவே மாடி ஏறும். ஈரத்துணி, தலையணை, வற்றல், அரிசி மாவு, பள்ளிக்கூட ஷூ, எது கைக்குக் கிடைக்கிறதோ அதைக் கொண்டுபோய் விரிப்போம். காயப்போடலாமா கூடாதா என்று யாரும் யோசிப்பதில்லை. ஈரமாக இருந்தால் மாடிக்குப் போக வேண்டும், அவ்வளவுதான் சட்டம். எதிர்வீட்டு அக்கா ஒரு தடவை வீட்டுப் பத்திரத்தைக் காயப்போட்டுக் காற்றில் விட்டவள். நான் ஒரு கையில் மோர் மிளகாய்த் தாம்பாளத்தையும் இன்னொரு கையில் ஈரத்தட்டையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். மிளகாயை விரித்தேன். பக்கத்திலேயே வெறும் சிமெண்டுத் தரையில் தட்டையும் வைத்தேன். கறுப்புத் தட்டு சீக்கிரம் காயும் என்று வேறு நினைத்தேன்.

இரண்டு மணி நேரம் கழித்துப் போனால் மிளகாய் அருமையாகக் காய்ந்திருந்தது. தட்டு எண்ணெயில் விழுந்த அப்பளம்போல் ஓரமெல்லாம் நெளிந்து கிடந்தது.

இருபத்தாறு கிலோ அரிசிச் சிப்பத்தை அதன் மேல் வைத்தேன். மறுநாள் சிப்பத்தின் மேல் நானும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தேன். தட்டு அசைந்து கொடுக்கவில்லை.

அவர் வர ஒன்பது நாள் இருந்தது. கண்ணில் புரை இருந்தவரைக்கும் ஏதாவது சொல்லி ஏமாற்றியிருக்கலாம். இப்போது புதுக் கண்ணோடு வருவார். அதே தட்டு இன்னொன்று வாங்கி, அதே பழைய அட்டைக்குள் போட்டு வைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். தடயத்தை அழித்துவிட்டு அந்த இடத்தில் வேறு பொருளை வைப்பதற்குச் சட்டத்தில் என்ன தண்டனை என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

சீசன் சமயத்தில் ஐந்தருவிக்குப் போகிற வழியில் பழைய ரெக்கார்டு விற்கிற ஒருவன் கடை போடுவான் என்று கேள்விப்பட்டிருந்தேன். அட்டையைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போனேன். நேந்திரம்பழச் சிப்ஸ் கடைக்கும் எண்ணெய் தேய்த்துவிடுகிறவனுக்கும் நடுவில் தார்ப்பாய் கட்டி உட்கார்ந்திருந்தான். நாற்பது வயது இருக்கும். பின்பக்கம் சுவர் முழுக்கக் கடிகாரம். பழைய இசைத்தட்டின் நடுவில் முள்ளைப் பொருத்திக் கடிகாரமாக்கி மாட்டியிருந்தான். ஒவ்வொன்றும் ஒவ்வொரு மணி காட்டியது.

கீழே மூன்று பெட்டி. முதல் பெட்டியில் ஜாஸ், இரண்டாவதில் கிளாசிக்கல், மூன்றாவதில் ஒன்றும் எழுதவில்லை.

"ஏலே, இது ஜாஸு, இது கிளாசிக்கல்னு எப்பிடிப் பிரிக்கே? போட்டுக் கேப்பியா?"

"போட்டுக் கேக்க எங்க யக்கா நேரம்? அட்டையப் பாத்தாலே தெரியும். கோட்டு போட்டு குழல் வச்சிருந்தா ஜாஸு. வெள்ள முடியில சவுரி வச்சிருந்தா வெளிநாட்டு கிளாசிக்கல். துண்டும் தொந்தியுமா இருந்தா நம்மூரு கிளாசிக்கல்."

"எது வெல சாஸ்தி?"

"கோட்டு."

"துண்டு?"

அவன் மூன்றாவது பெட்டியைக் காட்டினான். "துண்டெல்லாம் கடியாரத்துக்குப் போவுது யக்கா. அப்பிடியே கேட்டா யாரும் வாங்க மாட்டக்காங்க. முள்ளு வச்சுக் குடுத்தா ரெண்டு மடங்குக்குப் போவுது."

அந்தப் பெட்டியில் மேலாகக் கிடந்தது ஒரு வீணைத் தட்டு. நடுவில் ஏற்கெனவே ஓட்டையைப் பெரிதாக்கி வைத்திருந்தான். ஒரு அம்மா எத்தனை வருடம் விரல் தேய வாசித்தாரோ, இனி யார் வீட்டுச் சமையலறையிலோ ஏழரை மணி காட்டப் போகிறார். அவனை அங்கேயே ஒரு அறை விட்டிருப்பேன். ஓய்வு பெற்ற பிறகு அதற்கு வழியில்லை.

அப்போது சென்னைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு இளஞ்ஜோடி வந்து நின்றது. பையன் ஒரு ஜாஸ் தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். கண்ணாடிபோல் மின்னியது.

"வினைல்ல ஒரு கதகதப்பு இருக்கும். போன்ல அது வராது" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னான். அவள் அவனை ஞானியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

நான் இன்னொன்றை எடுத்தேன். அதுவும் மின்னியது. மூக்கில் வைத்துப் பார்த்தேன்.

"என்னலே, தேங்காண்ணெய் வாசம் அடிக்கு?"

"அது... பாலிஷ் யக்கா."

"பக்கத்துல முதுகு தேய்க்குதவன்கிட்ட வாங்குன பாலிஷா?"

பக்கத்துக் கடை எண்ணெய்க்காரன் சிரித்தான். ஒரு தடியனைக் குப்புறப் போட்டுத் தோளைக் குத்திக்கொண்டிருந்தவன், "நல்லெண்ணெய்தான் நல்லதுன்னு நானும் சொன்னேன் ஏட்டம்மா, கேக்க மாட்டக்கான்" என்றான். எனக்கு அவனைத் தெரியாது. அவனுக்கு என்னைத் தெரிந்திருக்கிறது. என்ன கேஸோ.

எண்ணெய் தேய்த்தால் கீறல் மறையும். தட்டு புதிதுபோல் இருக்கும். வீட்டுக்குக் கொண்டுபோய் ஊசியை வைத்தால் எண்ணெயில் ஒட்டிய தூசியெல்லாம் ஊசியில் அப்பிக்கொள்ளும். குற்றாலத்தில் மனுஷனுக்குச் செய்கிற வைத்தியத்தை இவன் தட்டுக்கும் செய்துகொண்டிருந்தான். அந்தப் பையனிடம், "தம்பி, எண்ணெய் தேய்ச்சா எதுக்கும் கதகதப்பு வரத்தான் செய்யும்" என்று சொன்னேன். அவன் என்னை முறைத்துவிட்டு இரண்டாக வாங்கிக்கொண்டு போனான். படித்தவர்களைத் திருத்துவது போலீஸ் வேலை இல்லை.

போனில் இருந்த படத்தைக் கடைக்காரனிடம் காட்டினேன். பார்த்ததும் அவன் முகம் மாறியது.

"இது எங்கிட்ட இருந்துச்சு யக்கா. பிரிக்காத பீஸு, பிளாஸ்டிக் ஒறையோட. புளியங்குடி அண்ணாச்சி தூக்கிட்டுப் போயிட்டாவ. எலுமிச்சங்கா கமிஷன் கட வச்சிருக்காவல்லா, அவுகதான். எங்கிட்ட கோட்டு வந்தா மொதல்ல அவுகளுக்குத்தான் போன் போடணும்னு உத்தரவு."

போன் நம்பர் வாங்கிக்கொண்டேன். கேட்ட உடனே கொடுத்தான். அன்றைக்கு அவனிடமிருந்து வந்த சுத்தமான சரக்கு அது ஒன்றுதான்.

அண்ணாச்சி போனில் மரியாதையாகத்தான் பேசினார். "விக்கதில்ல. மாத்துக்கு ஏதும் நல்ல அயிட்டம் இருந்தா கொண்டாங்க, பாப்போம்" என்றார். என்னிடம் நாயனம் இருக்கிறது என்றேன். யாருடைய நாயனம் என்று கேட்டார். சொன்னேன். "நாளைக்கே வாங்க" என்றார்.

என் தட்டைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு காலை பஸ்ஸில் புளியங்குடிக்குப் போனேன். கடையில் எலுமிச்சம்பழம் குவியல் குவியலாகக் கிடந்தது. அவர் ஒரு பழத்தை எடுத்தார், உருட்டினார், மோந்தார், ஒரு குவியலில் போட்டார். அடுத்தது வேறு குவியல். அரை நிமிடத்தில் இருபது பழம். அந்த வேலையில் மனுஷன் கெட்டிக்காரர். அதில் சந்தேகமில்லை.

"ஒண்ண வெட்டிப் பாக்க மாட்டியளா அண்ணாச்சி? உள்ள சாறு இருக்கான்னு எப்பிடித் தெரியும்?"

"வெட்டுனா அது சரக்கு இல்லம்மா, ஊறுகா" என்றார்.

பிறகு வீட்டுக்குக் கூட்டிப்போனார். மாடியில் தனி அறை. ஏசி. சுவர் நீளத்துக்கு அலமாரி, அதில் வரிசையாகத் தட்டுகள். ஒவ்வொன்றிலும் சின்னச் சீட்டு ஒட்டியிருந்தது: முதல் ரகம், இரண்டாம் ரகம், கழிவு. எலுமிச்சைக்குப் போடுகிற அதே மூன்று.

"இம்புட்டையும் கேட்டுட்டியளா?"

"கேட்டா ரகம் எறங்கிரும்லா?" என்றார், நான் ஏதோ கூறு இல்லாமல் கேட்டதுபோல. "ஊசி பட்டா தேயும். பிரிக்காம இருந்தாத்தான் முதல் ரகம்."

"அப்போ ஜாஸு நல்லாருக்கும், கிளாசிக்கல் நல்லாருக்கும்னு எதை வச்சு வாங்குதிய?"

"ஜாஸு ஒரு பீலிங்கும்மா. கிளாசிக்கல்னா ஒரு இது."

"எது?"

"அதான், ஒரு இது."

அவர் அந்தத் தட்டை எடுத்துக் காட்டினார். அதே மூன்று கோட்டுக்காரர்கள். அட்டை மேல் பிளாஸ்டிக் உறை, ஒரு சுருக்கம்கூட இல்லை. அந்த உறைக்குள் என் வீட்டுக்காரருடைய முதல் பாட்டு யாரும் தொடாமல் அப்படியே இருந்தது.

என் தட்டை அவர் வாங்கி, ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தார். உருட்ட முடியாததால் திருப்பிப் பார்த்தார். மோந்தும் பார்த்தார்.

"ரெண்டாம் ரகம். நெறையக் கீறல் கெடக்கே."

"முப்பது வருஷமா கேக்கேன் அண்ணாச்சி. கேட்டா கீறல் விழத்தான் செய்யும்."

"பரவால்ல. ஆளு அபூர்வமான ஆளு. அட்டை நல்லாருக்கு. மாத்திக்கிடலாம்."

இவ்வளவு சுலபமாக முடியும் என்று நான் நினைக்கவில்லை. உள்ளே இருக்கிறது சரியான தட்டுதானா என்று ஒரு தடவை போட்டுக் கேட்டுவிடலாமே என்றேன். அவர் பதறிவிட்டார். பிரித்தால் விலை போய்விடுமாம். மாற்றிய பிறகு அது என் பொருள், நான் பிரித்தால் என்ன என்றேன். என் வீட்டில் வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள், என் கண் முன்னால் வேண்டாம் என்றார். ஆட்டை வளர்த்தவன் அறுக்கிற அன்றைக்கு ஊரில் இல்லாமல் போய்விடுவானே, அதுபோல.

"அப்போ நாயனத்தையாவது ஒரு மட்டம் போடுங்க. நானும் கடைசியா கேட்டுக்கிடுதேன்" என்றேன்.

அதற்கு ஒத்துக்கொண்டார். மூலையில் ஒரு ரெக்கார்டு பிளேயர் இருந்தது. அதன் விலையைச் சொன்னார். என் ஒரு வருடப் பென்ஷன். வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு தட்டை வைத்தார். சுற்றியது. ஊசிக்கையை இறக்கினார். சத்தமே இல்லை. வயரை ஆட்டினார். பெட்டியைத் தட்டினார். சத்தத்தைக் கூட்டினார். தட்டு மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது.

நான் குனிந்து பார்த்தேன். ஊசிக்குப் பாதுகாப்பாகக் கடையில் மாட்டிக் கொடுக்கிற சின்ன பிளாஸ்டிக் மூடி அப்படியே இருந்தது.

"இது வாங்கி எத்தன வருஷம் ஆச்சு அண்ணாச்சி?"

"மூணு வருஷம் இருக்கும்."

மூடியைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தேன். ஊசியை இறக்கினேன்.

அவர் சத்தத்தைக் கூட்டி வைத்திருந்ததை இரண்டு பேருமே மறந்துவிட்டோம். நாயனம் வெடித்துக் கிளம்பியது. அலமாரிக் கண்ணாடி நடுங்கியது. கீழே சமையலறையிலிருந்து அவர் மனைவி கரண்டியும் கையுமாக ஓடி வந்தார்.

"என்ன விசேஷம்? யாரு வந்திருக்கா? எங்கிட்ட ஒண்ணும் சொல்லலியே!"

"விசேஷம் ஒண்ணுமில்ல. போ, போ" என்றார் அண்ணாச்சி. அந்த அம்மா போகவில்லை. கதவு நிலையில் சாய்ந்து நின்றுகொண்டார். "மூணு வருஷமா இந்த ரூமத் தொடைக்கேன். இன்னைக்குத்தான் சத்தம் வந்திருக்கு" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

அந்த பிளேயரில் என் தட்டு வேறு மாதிரி கேட்டது. பொய் சொல்லக்கூடாது. வித்வான் மூச்சு இழுக்கிற சத்தம்கூடக் கேட்டது. முப்பது வருடத்தில் நான் அதைக் கேட்டதே இல்லை. கீறல் விழுந்த இடங்களும் பட்பட்டென்று நன்றாகக் கேட்டன. அது ஒவ்வொன்றும் எந்த வீட்டில், எந்த ஊர் போஸ்டிங்கில் விழுந்தது என்று என்னால் சொல்ல முடியும்.

"போதும்மா. தேயுது" என்று அண்ணாச்சி ஊசியைத் தூக்கிவிட்டார்.

"இத வாங்கி என்ன செய்விய அண்ணாச்சி?"

"குத்தாலத்துல லாட்ஜ் கட்டுதேன்லா? கீழ ரிசப்ஷன்ல ஒரு சுவரு ஜாஸு, ஒரு சுவரு கிளாசிக்கல். ரெண்டாம் ரகமெல்லாம் சுவத்துக்குத்தான். கண்ணாடி போட்டு, நாலு பக்கம் ஆணி அடிச்சு..."

அவர் முடிப்பதற்குள் நான் தட்டை எடுத்துத் துண்டில் சுற்றிவிட்டேன்.

"என்னம்மா, கோவமா? வெளிய வச்சிருந்தா பத்து பேரு பாப்பாங்கல்லா?"

"பாக்கதுக்கு அது என்ன காலண்டரா? எலுமிச்சம்பழத்தையாவது கடேசில ஒருத்தன் பிழிஞ்சு குடிப்பான். உங்க வீட்ல மாட்டுனா அதுவும் கெடையாது" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினேன். பின்னால் அந்த அம்மா சிரிக்கிற சத்தம் கேட்டது. அதனால் எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

பெருமை கடையநல்லூர் வரைக்கும்தான். பஸ் அங்கே நின்றபோது எனக்குப் புத்தி வந்தது. ஜாஸ் தட்டு அங்கே இருக்கிறது, என் மடியில் நாயனம் இருக்கிறது. கெடுத்தது யார் தட்டு? அவருடையது. கொடுக்க வேண்டியது யார் தட்டு? என்னுடையது. லாட்ஜ் சுவர் ஒரு சாக்கு. ஆணி அடிக்காமல் பட்டுத்துணியில் சுற்றிப் பூஜை அறையில் வைக்கிறேன் என்று அண்ணாச்சி சொல்லியிருந்தாலும் நான் வேறு ஒரு சாக்குக் கண்டுபிடித்திருப்பேன். எனக்குக் கொடுக்க மனம் வரவில்லை. அவ்வளவுதான். திரும்பப் போகலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். போகவில்லை.

சொன்ன நாளில் என் கணவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து இறங்கினார். காப்பி குடிக்கிற வரைக்கும் பொறுத்தேன். பிறகு தட்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்தேன். சாரல், பூஞ்சை, சோப்பு, மாடி, மிளகாய், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். புளியங்குடியையும் சொன்னேன். மாற்றாமல் வந்ததையும் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தட்டைப் பக்கவாட்டில் பிடித்து ஓரத்தைப் பார்த்தார்.

"எவ்வளவு நேரம் கெடந்துச்சு?"

"ரெண்டு மணி நேரம்."

"மொளகா காஞ்சிட்டா?"

"காஞ்சிட்டு."

"அதையாவது தீஞ்சு போகாம வறு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மூன்று நாள் பேசவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். கத்தாத மனுஷனோடு என்ன செய்வது? மோர் மிளகாயைச் சோற்றுத் தட்டில் வைத்தால் ஓரமாக ஒதுக்கி வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை கறிச்சாப்பாடு முடிந்தது. அவர் அந்த நெளிந்த தட்டை எடுத்து பிளேயரில் வைத்தார். நான் கை கழுவாமல் அங்கேயே நின்றேன். தட்டு சுற்றும்போது ஓரம் மேலும் கீழும் ஏறி இறங்கியது. முதல் பாட்டில் ஊசி நிற்கவே இல்லை. துள்ளித் துள்ளி வெளியே விழுந்தது. மூன்று தடவை வைத்தார். மூன்று தடவையும் விழுந்தது. மடியில் விரல்கள் முதல் சுரத்துக்குத் தயாராக நின்று, அப்படியே இறங்கின. அந்தப் பாட்டு போனது போனதுதான். அதற்கு நான் எந்தச் சமாதானமும் சொல்லப் போவதில்லை.

பிறகு ஊசியை உள்பக்கம், கடைசிப் பாட்டில் வைத்தார். அங்கே நெளிவு குறைவு. ஊசி நின்றது. ஆனால் தட்டு ஏறி இறங்குவதால் கிளாரினெட் நேராக வரவில்லை. ஒவ்வொரு சுரமும் வழுக்கியது, அசைந்தது, மேலே போய்த் திரும்பி வந்தது. வெள்ளைக்காரர் ஒரு சுரத்தைப் பிடித்தால் விட மனமில்லாமல் ஆட்டினார்.

அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். ரொம்ப நேரம் கேட்டார்.

"ஏட்டி," என்றார். மூன்று நாளில் அதுதான் முதல் பேச்சு. "இவன் என்ன, கல்யாணி ராகமா வாசிக்கான்?"

நானும் கேட்டேன். நாயனக் கச்சேரிக்குப் பயந்துகொண்டே ஏறின புதுப்பையன் வாசிப்பதுபோல் இருந்தது.

"கல்யாணி இல்லங்க. கமகம் எடம் தப்பி விழுது. இன்னும் நாலு வருஷம் சாதகம் பண்ணணும்."

"ரெண்டு மணி நேர வெயிலுக்கே இம்புட்டு வந்திருக்கே."

"அதுக்கு மேல கெடந்திருந்தா உருகிருக்கும்."

அவர் பாட்டு முடிகிறவரை கேட்டுவிட்டு ஊசியைத் தூக்கினார். நெளிந்த தட்டை உறைக்குள் போட்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார். சாரல் விட்டிருந்தது.

"நாளைக்கு வெயில் வரும்போல. ஒன் நாயனத்தக் கொண்டுபோயி மாடில ரெண்டு மணி நேரம் போட்டு எடு. ஜாஸு வருதான்னு பாப்போம்" என்றார்.

சிரிக்காமல்தான் சொன்னார். அவர் கேலிக்குச் சொன்னாரா, நிஜமாகச் சொன்னாரா என்று முப்பத்திரண்டு வருட போலீஸ் மூளையை வைத்தும் எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. மறுநாள் காலையிலேயே நாயனத் தட்டை பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். பத்து மணிக்கு எதிர்வீட்டு அக்கா வெயில் வந்துவிட்டது என்று கத்தினாள். அவர் நாற்காலியை விட்டு எழுந்து, மாடிப்படிப் பக்கம் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

சாவி என் இடுப்பில் இருந்தது.